இதயக் காவல் வில்லை

எல்லாம் ஒரு குண்டூசியிலிருந்து ஆரம்பித்தது.

இதயக் கருவியாளர் நல ஆணையத்தின் ஆணையருக்கு ஏதோ ஒரு விழாவில் சட்டையில் ரோஜா குத்தினார்கள். குத்திய பெண்மணி கொஞ்சம் பதற்றக்காரி. ஊசி சட்டையோடு நிற்காமல் உள்ளே போய் ஆணையரின் தோலையும் நலம் விசாரித்துவிட்டது. ரத்தம் வந்ததா இல்லையா என்பது இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. வந்ததாக விசாரணைக் குழு முடிவு செய்தது. வந்திருக்க வேண்டிய ரத்தத்தின் அளவை இன்னொரு குழு கணக்கிட்டது. அன்றிலிருந்து ஆணையத்தின் கட்டடத்துக்குள் கூரான பொருள் எதுவும் நுழையக் கூடாது என்று உத்தரவாயிற்று.

கூர்மைத் தடுப்புப் பிரிவு பிறந்தது. பிரிவுக்கு ஓர் அதிகாரி, அதிகாரிக்கு ஒரு கார், காருக்கு ஒரு டிரைவர், டிரைவர் உட்கார ஒரு நாற்காலி, நாற்காலியின் முனைகளை உரசி மழுக்க ஒரு தச்சர். குமாஸ்தாக்களுக்குச் சீவாத பென்சில் கொடுத்தார்கள். ஊசி போட வேண்டிய நர்சுகள் நோயாளியைக் கையைப் பிடித்து எதிர்ப்புற மரத்தடிக்கு அழைத்துப் போய்ப் போட்டுவிட்டுத் திரும்பினார்கள். அறுவை சிகிச்சைக்கு மட்டும் விலக்கு. அந்த விலக்கில் கையெழுத்திடும்போது அதிகாரி கண்ணை இறுக மூடிக்கொண்டாராம்.

நம் தையல்காரருக்கு இந்த வரலாறு எதுவும் தெரியாது. காலர் மடிப்பில் நூல் கோத்த ஊசி ஒன்றை எப்போதும் செருகி வைத்திருப்பது அவர் வழக்கம். கல்யாணப் பந்தலிலும் அது இருக்கும், இழவு வீட்டிலும் இருக்கும். வாசலில் காவல்காரர் அதைக் கண்டதும் இரண்டடி பின்வாங்கினார்.

"ஐயா, கையை மேல தூக்குங்க. அசையாதீங்க."

"ஊசிப்பா. பொத்தான் தைக்கிறது."

"உங்களுக்கு அது ஊசி. எங்களுக்கு அது ஆயுதம்."

இடுக்கி ஒன்றால் ஊசியை எடுத்து மணல் வாளியில் புதைத்த பிறகுதான் அவரை உள்ளே விட்டார்கள்.

அவர் வந்த காரியம் உயிர் சம்பந்தப்பட்டது. அவருடைய இதயம் பிறவிச் சோம்பேறி. நடுநடுவே துடிக்க மறந்துவிடும். அதற்காக இடது காரை எலும்புக்குக் கீழே ஒரு பேஸ்மேக்கரைப் புதைத்திருந்தார்கள். வீட்டில் அதற்கு 'டப்பா' என்று பேர். டப்பா தங்கமான டப்பா. எல்லாம் தெரிந்திருந்தும் தேவைப்பட்டால் மட்டும் வாயைத் திறக்கும் மாமனார் மாதிரி. இதயம் தானாக வேலை செய்தால் சும்மா இருக்கும். மறந்தால் ஒரு தட்டு தட்டும். படி ஏறினால் வேகத்தைக் கூட்டும், படுத்தால் குறைக்கும். அந்த டப்பாவின் பேட்டரி இப்போது தீர்ந்துகொண்டிருந்தது.

"மழைக்காலத்துக்குள்ள மாத்திடணும் ஐயா" என்றாள் கருவி பார்க்கும் பெண். ஆணையத்தில் கருவியைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். அதனால் அவளுக்கு ஜன்னல் இல்லாத அறை. "தீர்ற நேரம் வந்தா டப்பா தானே வேகத்தைக் குறைச்சுக்கும். அதுக்கப்புறமும் விட்டா உங்க இதயம் மறுபடி மறக்க ஆரம்பிச்சிடும். இந்தத் தடவை தட்டி எழுப்ப ஆள் இருக்காது."

"மாத்திடுங்கம்மா."

"நான் மாத்த முடியாதே. வரிசையில உங்க பேர் வரணும். வரிசையில வரணும்னா வில்லை போட்டிருக்கணும்."

அப்படித்தான் தையல்காரர் வில்லையைப் பற்றிக் கேள்விப்பட்டார்.

*

இதயக் காவல் வில்லையை ஆணையரே கண்டுபிடித்தார் என்று சொன்னார்கள். ஆப்பம் அளவுக்கு வட்டமாக, வெள்ளையாக இருக்கும். நடுவில் ஒரு விளக்கு. உள்ளே மின்னணுச் சமாச்சாரங்கள். நெஞ்சின் துடிப்பை வெளியிலிருந்தே மோப்பம் பிடித்து ஆணையத்துக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். துடிப்பு சீராக இருந்தால் பச்சை. ஏறி இறங்கினால் சிவப்பு, கூடவே விசில். விளிம்பைச் சுற்றிப் பெரிய எழுத்தில், 'இவர் நெஞ்சில் கருவி உண்டு. காந்தம் கொண்டு நெருங்காதீர்' என்று எழுதியிருக்கும்.

நல்ல வாசகம். கருவி வைத்தவர்களுக்குக் காந்தம் ஆகாது என்பது ஆணையத்துக்குத் தெரிந்தே இருந்தது. அதைக் கவனிக்கவென்றே காந்தத் தடுப்புப் பிரிவும் இருந்தது.

வில்லையைச் சட்டையில் எப்படி மாட்டுவது என்பதில்தான் சிக்கல். ஊசியால் குத்த முடியாது. நூலால் தைக்கலாமென்றால் நூல் ஊசியில்லாமல் நடக்காது. பசை போட்டுப் பார்த்தார்கள், துவைத்தால் போய்விட்டது. கடைசியில் கூர்மைத் தடுப்புப் பிரிவே ஒரு வழி கண்டது. வில்லையின் முதுகில் ஒரு காந்தம், சட்டைக்கு உட்புறம் இன்னொரு காந்தம். இரண்டும் துணியை நடுவில் வைத்துக் கவ்விக்கொள்ளும். குத்தாது, கிழிக்காது, கழலாது.

வழங்கும் விழாவில் ஆணையர் பேசினார்.

"அன்பான கருவியாளர்களே! எதைக் காக்கிறோமோ அதன் பக்கத்தில் நிற்பதுதான் காவல். எனவே வில்லையைக் கருவிக்கு நேர் மேலே அணிய வேண்டும். ஒரு விரற்கடை கூட விலகக் கூடாது. குளிக்கும்போது தவிர எப்போதும் அணிய வேண்டும். குளிப்பதைக் குறைத்துக்கொண்டால் நல்லது. சிவப்பு எரியும் இதயம் ஒழுங்கீன இதயம். ஒழுங்கீன இதயங்களுக்குப் புது பேட்டரி கொடுத்து அந்த ஒழுங்கீனத்தை நீடிக்கவிட ஆணையம் விரும்பவில்லை!"

கைதட்டல் வானைப் பிளந்தது. தட்டாதவர்களின் வில்லை சிவப்பாகிவிடுமோ என்ற பயம் எல்லோருக்கும்.

ஓர் ஊழியர் தையல்காரரின் சட்டைக்குள் கையை விட்டு, டப்பாவின் மேட்டைத் தடவிப் பார்த்து, அதன் மேலேயே கச்சிதமாகக் கவ்வ வைத்தார். 'டக்' என்றது. நெஞ்சுக்குள் யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்த மாதிரி இருந்தது. வில்லை உடனே பச்சையாகிவிட்டது.

"பாருங்க, எவ்ளோ அருமையான இதயம்!" என்றார் ஊழியர்.

*

அன்று மாலையே வீட்டு மாடிப் படியில் பாதி தூரம் ஏறியவருக்குக் கண் இருட்டியது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். உடம்பு ஓடச் சொல்கிறது; இதயம் நடக்கிறது. படுத்தாலோ நேர்மாறு. தூக்கம் வரும் நேரத்தில் நெஞ்சு மட்டும் எவனோ துரத்துகிற மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. ஏறினாலும் அதே தாளம், இறங்கினாலும் அதே தாளம், உட்கார்ந்தாலும் அதே தாளம். கட்சி மாறினாலும் பேச்சை மாற்றாத தலைவர் மாதிரி.

வில்லையோ பச்சையோ பச்சை.

"ஏங்க, முகம் ஏன் சாம்பல் பூத்த மாதிரி இருக்கு?" என்றாள் மனைவி.

"பச்சை எரியுதே, பாக்கல?"

"விளக்குக்கு உடம்பு நல்லாருக்கு. உங்களுக்கு எப்படி இருக்குன்னு கேட்டேன்."

ரகசியம் வெளிப்பட்டது அவருடைய தையல் மேஜையில்தான். ஒரு ரவிக்கைக்கு அளவு பிடித்துக்கொண்டிருந்தவர் குண்டூசி டப்பாவைத் தட்டிவிட்டார். ஊசிகள் மேஜையெல்லாம் சிதறின. பொறுக்குவதற்காகக் குனிந்தார். ஊசிகள் எழுந்து நின்றன. சொன்னால் நம்ப மாட்டீர்கள், மேலதிகாரி அறைக்குள் வந்ததும் எழுந்து நிற்கும் குமாஸ்தாக்களைப் போல, தலையைத் தூக்கி, வரிசையாக, சர் சர் என்று கிளம்பி அவருடைய நெஞ்சில் போய் ஒட்டிக்கொண்டன. கூடவே தையல் மெஷினின் நூல் சுற்றிய பாபின் பெட்டியும் போனது. கத்தரிக்கோல் நகர ஆரம்பித்ததைப் பார்த்ததும் மனைவி பாய்ந்து வந்து அதைப் பிடித்துக்கொண்டாள்.

"நெஞ்சுல என்னத்த கட்டிட்டு வந்திருக்கீங்க? கத்தரிக்கோல் கூப்பிடாமலே வருதே!"

முள்ளம்பன்றி மாதிரி நின்ற தையல்காரர் குனிந்து வில்லையின் விளிம்பில் இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தார். காந்தம் கொண்டு நெருங்காதீர்.

*

கருவி பார்க்கும் பெண் கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினாள். மேஜை டிராயரைத் திறந்து, மெதுவடை மாதிரி நடுவில் ஓட்டையுள்ள ஒரு காந்தத்தைக் காட்டினாள்.

"இதைப் பாருங்க ஐயா. டப்பா சரியா இருக்கான்னு பாக்க இதை ஒரு நிமிஷம் மேல வைப்போம். காந்தம் பட்டா டப்பா சோதனைக்குப் போயிடும். உங்க இதயம் சொல்றதைக் கேக்காது, உடம்பு சொல்றதைக் கேக்காது. கண்ணை மூடிட்டு ஒரே வேகத்துல தட்டிட்டே இருக்கும். எடுத்தா பழையபடி ஆயிடும். ஒரு நிமிஷத்துக்கே நான் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டு இருப்பேன். உங்களுக்கு நாள் முழுக்க வெச்சிருக்காங்க."

"அதான் பச்சை எரியுதா?"

"எல்லாருக்கும் பச்சை. எல்லா டப்பாவும் ஒரே தாளம். மேல ஒரு சுவர் முழுக்க விளக்கு போட்டு ஆணையர் வர்றவங்களுக்கெல்லாம் காட்டிட்டு இருக்கார்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "உங்க டப்பா மாதிரின்னா தலைசுத்தலோட போகும். ஷாக் டப்பா வெச்சிருக்கவங்க இருக்காங்க பாருங்க, இதயம் தறிகெட்டு ஓடினா ஒரு உதை விட்டு நிறுத்துமே, அது காந்தம் பட்டா தூங்கிடும். இதயம் தறிகெட்டாலும் எழுந்துக்காது."

தையல்காரருக்கு உடனே எக்ஸ்பிரஸ்காரர் ஞாபகம் வந்தது. ஓய்வுபெற்ற தபால்காரர். தந்தியைக் கூடத் திருவிழா பார்த்தபடி கொண்டுபோய்க் கொடுக்கும் நிதானத்தால் அந்தப் பட்டம். ஆணையத்தின் பெஞ்சில் இருவரும் பல மணிநேரம் ஒன்றாகத் தேய்ந்திருக்கிறார்கள். அவர் நெஞ்சில் இருப்பது ஷாக் டப்பா.

"இதை மேல சொல்லக் கூடாதாம்மா?"

"சொன்னேன். அதுக்கப்புறம்தான் இந்த அறையில இருந்த ஜன்னலை அடைச்சாங்க."

அவரே சொல்லிப் பார்ப்பது என்று கிளம்பினார். காந்தத் தடுப்புப் பிரிவின் இரும்புக் கதவில் 'காந்தம் அனுமதி இல்லை' என்ற பலகை நான்கு மூலையிலும் காந்தத்தால் ஒட்டப்பட்டிருந்தது. உள்ளே அதிகாரி கனிவாகவே வரவேற்றார்.

"வில்லையில காந்தமா? வில்லையில என்ன எழுதியிருக்கு, படிங்க."

"காந்தம் கொண்டு நெருங்காதீர்."

"சரி. காந்தம் வரக் கூடாதுன்னு சொல்ற பொருளுக்குள்ள காந்தம் எப்படி இருக்கும்? பெரியவர், கொஞ்சம் யோசிச்சுப் பேசுங்க."

"ஊசியெல்லாம் வந்து ஒட்டுதுங்களே."

"ஊசியா?" அதிகாரி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். "அது கூர்மைப் பிரிவு சமாச்சாரம். அங்க போய்ச் சொல்லுங்க."

கூர்மைத் தடுப்பு அதிகாரி வில்லையைச் சுற்றிச் சுற்றித் தடவிப் பார்த்தார்.

"எங்கயாவது குத்துதா?"

"இல்லைங்க. நெஞ்சு படபடன்னு..."

"படபடப்பு கூர்மையானதா, மழுங்கலானதா?"

தையல்காரர் யோசித்தார். "மழுங்கல்னுதான் சொல்லணும்."

"அப்ப எங்க பிரிவைப் பொறுத்தவரை நீங்க பூரண பாதுகாப்போட இருக்கீங்க. அதோட இது காந்தமே கிடையாது. காந்தம் வாங்கினா காந்தப் பிரிவு அனுமதி வேணும். அதனால 'கவ்வும் உபகரணம்'னு வாங்கினோம்."

*

எக்ஸ்பிரஸ்காரரை ஆணையத்தின் விழா அரங்கில்தான் பிடிக்க முடிந்தது. அவருக்கு அன்று கேடயம். சிறந்த இதயத்துக்கான கேடயம். முன்வரிசையில் புதுச் சட்டை போட்டு, நெஞ்சில் பச்சை எரிய, மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, அதைக் கழட்டுங்க" என்று காதருகே சொன்னார் தையல்காரர். "அது காந்தம். உங்க டப்பாவைத் தூங்க வெச்சிடும்."

"தூங்கட்டுமே டெய்லரே! இதைப் போட்டதுலேருந்து ஒரு உதை கூட விழல. முன்னெல்லாம் சாப்பிடும்போது விட்டுச்சுன்னா தட்டு எதிர் வீட்டுல போய் விழும்."

"உதை விழலேன்னா நல்லாயிடுச்சுன்னு அர்த்தமில்லண்ணே. உதைக்க ஆள் இல்லேன்னு அர்த்தம்."

எக்ஸ்பிரஸ்காரரின் முகம் ஒரு கணம் மாறியது. கை தானாக நெஞ்சுக்குப் போனது. பிறகு மேடையைப் பார்த்தார். கேடயம் அங்கே விளக்கில் மின்னியது.

"வாழ்க்கையில எனக்கு யாரும் ஒண்ணும் குடுத்ததில்ல. எல்லாம் நான்தான் கொண்டுபோய்க் குடுத்திருக்கேன். கேடயத்தை வாங்கிட்டு வந்து கழட்டிடறேன். எவ்ளோ நேரம் ஆயிடப் போகுது?"

பேர் கூப்பிட்டார்கள். அவர் படியேறினார். முதல் முறையாக வேகமாக நடந்தார். கேடயத்தைக் கையில் வாங்கினார். வாங்கியபடியே நின்றார். அவருடைய வில்லை பச்சையிலிருந்து சிவப்புக்கு மாறி ஓவென்று விசிலடித்தது. கூட்டம் அதை உற்சாக விசில் என்று நினைத்துத் தானும் விசிலடித்தது. எக்ஸ்பிரஸ்காரர் கேடயத்தைக் கட்டிக்கொண்டு மெல்லச் சரிந்தார். கடைசியில் மட்டும் அவசரப்பட்டுவிட்டார்.

தையல்காரர் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடினார். உடம்பு ஓடச் சொன்னது, இதயம் நடந்தது. மேடைப் படியருகே கண் இருட்டி முட்டி மடங்கி விழுந்தார். அங்கிருந்து நாலு முழம்கூட இல்லை. வில்லையை எட்டிப் பிடுங்கியிருந்தால் போதும். பிடுங்கியிருந்தால் உள்ளே தூங்கிய டப்பா எழுந்து ஓர் உதை விட்டிருக்கும். கூட்டம் அவரைத் தாண்டிக் கைதட்டிக்கொண்டிருந்தது.

இரங்கல் கூட்டமும் அதே அரங்கில் அதே வாரம் நடந்தது. அலங்காரத்தை மாற்ற வேண்டியிருக்கவில்லை. ஆணையர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மரணம் நிகழும் வரை அவர் முழு ஆரோக்கியத்தோடு இருந்தார் என்பதற்கு நம் பச்சைச் சுவர் சாட்சி. ஒன்று சொல்கிறேன். அவர் விழுந்தார். ஆனால் வில்லை விழவில்லை! மருத்துவர்கள் இழுத்துப் பார்த்தும் அது அவரை விட்டு வரவில்லை. கடைசிவரை கருவியை விட்டு ஓர் அணுவும் நகரவில்லை. நம் கவ்வும் உபகரணத்துக்கு இதைவிட வேறு நற்சான்று வேண்டுமா? அடுத்து வரும் வில்லைகளில் கவ்வும் ஆற்றல் இரு மடங்காக்கப்படும்!"

அரங்கில் இருந்த வில்லைகள் எல்லாம் ஒன்றுபோலப் பச்சை எரிந்தன. அவற்றுக்குப் பின்னால் டப்பாக்கள் எல்லாம் ஒரே தாளத்தில் தட்டிக்கொண்டிருந்தன. இருமலும் செருமலும் அடங்கிய ஒரு நொடியில், அத்தனை நெஞ்சும் சேர்ந்து அணிவகுத்து எங்கோ நடந்து போவது தன் காதில் விழுவதாகத் தையல்காரருக்குத் தோன்றியது. எங்கே போகிறது என்று யோசித்தார். 

*

"கழட்டுங்க" என்றாள் மனைவி, வீட்டுக்குள் நுழைந்ததும்.

"கழட்டினா சிவப்பு. சிவப்புன்னா வரிசையில பேர் இருக்காது. கழட்டினேன்னு தெரிஞ்சா ஆணையத்துப் பதிவேட்டுலயே பேர் இருக்காது. பேட்டரி கிடையாது."

"வேற ஆஸ்பத்திரியில மாத்தச் சொல்லுங்க."

"கேட்டுட்டேன். ஆணையம் உத்தரவு இல்லாம எவனும் தொடமாட்டானாம்."

"போட்டா இப்பவே போவீங்க, கழட்டினா மழைக்கப்புறம் போவீங்க. இதுல எது வேணும்னு வேற கேப்பாங்களா?" என்று சொல்லிக்கொண்டே சட்டைக்குள் கைவிட்டு உட்புறக் காந்தத்தோடு சேர்த்து வில்லையைப் பிய்த்து எடுத்தாள். கையில் எடுத்ததும் அது ஒப்பாரி வைத்தது. ஓடிப்போய் ஃபிரிட்ஜ் கதவில் அறைந்தாள். ஒட்டிக்கொண்டது, ஆனால் ஒப்பாரி நிற்கவில்லை. அதற்குள் தொலைபேசி அலறியது.

"ஆணையத்திலிருந்து பேசுறோம். ஐயாவோட இதயம் உறுமுதே?"

"தயிர் சாப்பிட்டார்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

கோபத்தில் ஃபிரிட்ஜிலிருந்து பிடுங்கி வீசினாள். வில்லை நேரே போய்ச் சுவர்க் கடிகாரத்தின் தகர விளிம்பில் 'டக்' என்று கவ்விக்கொண்டது. டிக், டிக், டிக். வில்லை ஒப்பாரியை நிறுத்தியது. கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு பச்சையாயிற்று. இதுவரை பார்த்திராத பச்சை. வயலில் கூட அப்படிப் பச்சை கிடையாது.

இருவரும் கடிகாரத்தின் அருகே போய் அண்ணாந்து பார்த்தார்கள்.

"ஏங்க" என்றாள் மனைவி கடைசியில், "கல்யாணத்துக்கு எங்க சித்தப்பா வாங்கிக் குடுத்த கடிகாரம். அப்ப என்னவெல்லாம் கேலி பண்ணீங்க!"

தையல்காரரின் முகத்தில் ரத்தம் ஊறியது. படி ஏறினார், டப்பா கூடவே ஏறியது. படுத்தார், டப்பாவும் படுத்தது. மாலையில் தெருமுனைக் கடைவரை நடந்து போய் வெற்றிவீரர் மாதிரி ஒரு தேநீர் குடித்துவிட்டு வந்தார். ஆணையத்துக்குப் போகும் நாளில் மட்டும் கடிகாரத்தைத் துணிப்பையில் போட்டு, காந்தம் டப்பாவுக்கு எட்டாதபடி வயிற்றோடு அணைத்துக்கொண்டு போனார். சட்டைக்கு வெளியே வில்லை மட்டும் தெரிகிற மாதிரி அவரே தைத்த பை. தொப்பை விழுந்து, அதோடு வில்லையும் இறங்கிவிட்டதாக எல்லோரும் நினைத்தார்கள். எக்ஸ்பிரஸ்காரரிடம் இந்த வழியைச் சொல்லியிருக்கலாமே என்று நினைக்கும்போதெல்லாம் பாதித் தேநீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுவார்.

வரிசை நகர்ந்தது. அவர் பெயர் மேலே வந்தது. மழைக்கு முன்னால் எப்படியும் மாற்றிவிடுவார்கள் என்று இருந்தார்கள்.

ஒரு காலை வேளையில் ஆணையரே புகைப்படக்காரருடன் வீட்டுக்கு வந்துவிட்டார். மனைவி அவசரமாகக் கடிகாரப் பையைக் கணவர் கழுத்தில் மாட்டிவிட்டாள்.

"இப்படி ஓர் இதயத்தை என் பணிக்காலத்தில் நான் கண்டதில்லை" என்றார் ஆணையர், தழுதழுத்த குரலில். "ஒரு நொடிக்கு ஒரு துடிப்பு. கூடுவதில்லை, குறைவதில்லை. கோபமில்லை, கவலையில்லை. பச்சைச் சுவரில் உங்கள் விளக்கை நடுவில் வைத்திருக்கிறோம். மற்ற இதயங்கள் அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும் என்று."

"ரொம்ப நன்றிங்க. அந்த பேட்டரி..."

"அதைச் சொல்லத்தான் வந்தேன். இவ்வளவு அருமையான இதயத்துக்கு எதற்கு பேட்டரி? உங்கள் பெயரை வரிசையிலிருந்து எடுத்துவிட்டோம். நீங்கள் பூரண குணம் அடைந்துவிட்டீர்கள். சிரியுங்கள்!"

பளீரென்று படம் எடுத்தார்கள். படத்தில் தையல்காரர் வாயைத் திறந்திருப்பது சிரிப்பதற்காக அல்ல. அது கடிகாரங்க என்று சொல்லத் திறந்த வாய். வில்லையைக் கழற்றியவர் பெயர் வரிசையில் மட்டுமல்ல, ஆணையத்தின் எந்தப் பதிவிலும் இருக்காது என்பது அந்த நொடியில் ஞாபகம் வர, திறந்தபடியே நின்றுவிட்டது.

மறுநாள் கருவி பார்க்கும் பெண்ணைத் தேடிப் போனார். அவளுடைய அறையில் பென்சில் முனை மழுக்கும் இயந்திரம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அவள் எங்கே என்று கேட்டதற்கு, அப்படி ஒரு பதவி இருந்ததே இல்லை என்றார்கள்.

*

மழை வந்தது. முதலில் கடிகாரம்தான் நின்றது.

நண்பகல். தையல்காரர் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு பாவாடைக்கு விளிம்பு தைத்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நாளாகவே மெல்லத்தான் தைக்கிறார். டிக், டிக் என்றது, டிக் என்று யோசித்தது, நின்றது. வில்லை சிவப்பாகி வீறிட்டது. தெருமுனையில் சைரன் கேட்க அதிக நேரமாகவில்லை. ஸ்ட்ரெச்சரோடு நாலு பேர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்கள். பின்னாலேயே, மூச்சு வாங்க, ஆணையர். சுவரின் நடுவிளக்கு அல்லவா அணைந்திருக்கிறது.

"ஐயா, வாங்க" என்று எழுந்தார் தையல்காரர்.

"கொஞ்சம் ஒதுங்குங்க பெரியவரே, இங்க ஒருத்தருக்கு இதயம் நின்னு போச்சு" என்று அவரை ஓரமாகத் தள்ளினார் ஒருவர்.

"அது நான்தாங்க!"

"அப்ப ஏன் நிக்கறீங்க? படுங்க."

சத்தம் வரும் இடத்தைத் தேடிப் போனவர்கள் சுவரின் முன்னால் நின்றார்கள். கடிகாரம். அதன் விளிம்பில் வில்லை.  

இப்போதாவது உண்மை வெளியே வந்ததே என்று தையல்காரருக்கு ஒரு நிம்மதி கூட வந்தது. திட்டட்டும். அபராதம் போடட்டும். ஆனால் பார்த்தாயிற்று அல்லவா? பச்சை என்றால் என்ன என்று ஆணையரின் கண்ணே பார்த்துவிட்டது.

"ஐயா, மன்னிச்சிடுங்க. அதுல காந்தம் இருக்கு. நெஞ்சுல போட்டா டப்பா கெட்டுப் போகுது. அதான் இப்படி. என் பேட்டரி நிஜமாவே தீரப் போகுதுங்க."

ஆணையர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய மனக்கண்ணில் பச்சைச் சுவர் ஓடியிருக்க வேண்டும். நடுவிளக்கு. நற்சான்றுகள். புகைப்படம். பிறகு, கடவுள் மாதிரி சாந்தமாகத் திரும்பினார்.

"பேட்டரி தீர்ந்துவிட்டது என்கிறார். கேட்டீர்கள் அல்லவா? நோயாளியே கேட்கிறார். மாற்றுங்கள்."

உதவியாளர் ஒருவர் கையுறை மாட்டிக்கொண்டு, கடிகாரத்தைப் பூப்போல இறக்கி, ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்தார். முதுகை ஒரு பஞ்சால் துடைத்தார். பழைய பேட்டரியைத் தள்ளிவிட்டுப் புதியதை அழுத்தினார். டிக். டிக். டிக். வில்லை பச்சையாயிற்று. நால்வரும் கைதட்டினார்கள். ஆணையர் தையல்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"வாழ்த்துகள். வெற்றிகரமான மாற்றம். ரத்தமே வரவில்லை, பாருங்கள்!"

"நெஞ்சுக்குள்ள இருக்கிறது, ஐயா?"

"மாற்றியாயிற்றே. அடுத்த முறைக்கு நெடுநாள் இருக்கிறது. நிம்மதியாக இருங்கள். குளிக்கும்போது மட்டும் நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்."

கடிகாரத்தை மறுபடி ஆணியில் மாட்டப் போனவர்கள் ஆணியின் கூர்மையைக் கண்டு திடுக்கிட்டு அதைப் பிடுங்கி எடுத்துக்கொண்டார்கள். கடிகாரத்தை மேஜைமேல் சாய்த்து வைத்துவிட்டுப் போனார்கள். சைரன் மழைக்குள் தேய்ந்து மறைந்தது.

மனைவி கதவைச் சாத்தினாள்.   தையல்காரரின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவர் மணிக்கட்டைப் பிடித்து, நாடியில் விரல் வைத்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்தாள்.

"போன வாரம் நாடியும் கடிகாரமும் ஒண்ணாத்தாங்க போச்சு" என்றாள்.

தையல்காரர் தலையசைத்தார். புது பேட்டரி போட்ட கடிகாரம் துடியாகத்தான் இருந்தது. டிக் என்றது. அவர் நெஞ்சுக்குள் ஒரு தட்டு. டிக் என்றது. இருவரும் காத்திருந்தார்கள். டிக் என்றது.